நாயகி அக்கா அரைத்த வெள்ளைக் கல்

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி இருக்கும். ஹட்டன் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். தொலைபேசியில் சுகந்தியின் பெயர் வந்தது. நாயகி அக்காவின் மகள். கொழும்பில் ஒரு கார்மென்டில் வேலை செய்கிறாள். அவள் என்னை அழைத்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

"அம்மா போயிட்டாங்க அக்கா. விடியக்காலம். இன்னைக்கு சாயந்தரமே எடுக்கிறோம். வர்றதுன்னா வாங்க."

வெறுமனே 'வாங்க' என்று சொல்லியிருக்கலாம். 'வர்றதுன்னா' என்பதை அவள் தெரிந்தேதான் சொன்னாள். அதற்கான காரணம் எனக்குத் தெரியும். இதை வாசிக்கும் உங்களில் சிலருக்கும் தெரியும்.

டயகம பஸ்ஸில் ஏறிப் போனேன். அக்காவின் லயத்து வரிசை வீட்டு வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். தப்பு அடிக்கிறவர்கள் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் வாசற்படியைத் தாண்டவில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தண்ணீர் ஓடும் கானோரத்திலேயே நின்றார்கள். அக்காவுக்குக் காசநோய் இல்லை என்று ஆஸ்பத்திரியே எழுதிக் கொடுத்து இரண்டு வருடங்கள் ஆகின்றன. அந்தக் கடுதாசியை அக்கா சுவரில் ஒட்டி வைத்திருந்தார். அதை வாசிக்கவும் உள்ளே வர வேண்டுமே.

மரணச் சான்றிதழில் 'நிமோனியா' என்று எழுதியிருந்தது. அது பொய்யில்லை. கடைசியில் வந்தது நிமோனியாதான். மரத்தை முக்கால்வாசி அறுத்து வைத்துவிட்டு, காற்றுக்கு விழுந்தது என்று எழுதினால் அதுவும் பொய்யில்லைதான்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது சுகந்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "கருமாதிக்கு ஒரு சின்னப் புத்தகம் அடிக்கிறோம். நீங்க எழுதுங்க. நல்லவங்க வல்லவங்கன்னு எழுதாதீங்க. நடந்தத எழுதுங்க" என்றாள். ஆகவே எழுதுகிறேன். அந்த ஷெட்டில் அவரோடு நின்று வேலை செய்த உங்கள் ஏழு பேருக்காகவும், எனக்காகவும்.

செல்வநாயகி இருபத்திரண்டு வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவர். தேயிலை மலை பராமரிப்பில்லாமல் காடாகிப் போன பிறகு குளவி பெருகிவிட்டது. ஒருநாள் குளவி கலைந்து ஒன்பது பேரைக் கொட்டியது. அதில் ஒருத்தர் அக்காவின் நாத்தனார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே இறந்தார். அக்காவுக்கு முகமெல்லாம் வீங்கி ஒரு வாரம் கண் திறக்கவில்லை. வீக்கம் வடிந்ததும் அவர் செய்த முதல் வேலை, கூடையைக் கொண்டுபோய்க் கங்காணியின் காலடியில் வைத்ததுதான். அடுத்த மாதம் ஹட்டனுக்கு வெளியே இருந்த நம் ஷெட்டுக்கு வேலை கேட்டு வந்தார். உள்ளே வந்து கூரையைப் பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். பிறகு முதலாளியிடம் சொன்னார்: "மழ இல்ல, அட்ட இல்ல, குளவி இல்ல. இதுக்கு மேல என்னங்க வேணும்?"

நாம் எல்லோரும் சிரித்தோம்.

அந்த ஷெட்டை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரேடியோ நிலையங்களிலிருந்தும் தொலைபேசிக் கோபுரங்களிலிருந்தும் கழற்றிய பழைய கருவிகள் கொழும்பிலிருந்து லொறியில் வரும். அவற்றுக்குள் சிறு டிரான்சிஸ்டர்கள் இருக்கும். தங்கப் பூச்சுப் போட்ட கால்கள், அடியில் விரல்நகம் அளவு வெள்ளைத் தட்டு. பெண்கள் சின்னச் சுத்தியலால் அதை உடைத்துக் கால்களைப் பிரிப்பார்கள். வெள்ளைத் தட்டிலும் தங்கம் கொஞ்சம் ஒட்டியிருக்கும். அதை எடுக்க, தட்டுகளைப் பழைய மிளகாய்த்தூள் மில்லில் போட்டு அரைக்க வேண்டும். மற்ற வேலையெல்லாம் அமிலம் வைத்திருந்த பின்னறையில் முதலாளியே செய்வார். நான் பெட்டிகளைத் திறந்து, என்ன சாமான், எத்தனை என்று எழுதுகிறவள். பள்ளியில் உயர்தர வகுப்பு வரை படித்திருந்தேன். அந்த ஷெட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர்கள் முதலாளியும் நானும் மட்டும்தான். நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்தவர்களும் நாங்கள் இருவர்தான்.

மில்லுக்கு யாரை நிறுத்துவது என்று வந்தபோது முதலாளி நாயகி அக்காவைக் காட்டினார். கை சுத்தம், நிதானம், ஒரு துண்டைக்கூட வீணாக்க மாட்டார். மாலையில் மில்லை விட்டு வரும்போது அவர் புருவம் கூட வெளுத்திருக்கும். "மா இடிச்சிட்டு வர்ற மாதிரி இருக்கீங்க" என்பாள் உங்களில் ஒருத்தி. "இடிச்ச மாவுல ஒரு கொழுக்கட்டையாச்சும் கெடைக்கும்" என்பார் அவர்.

அந்தக் கல்லை அவர் எங்கள் எல்லோரையும் விடக் கூர்ந்து பார்த்தார். ஒரு நாள் தேத்தண்ணி வேளையில், பெரிய கருவியொன்றிலிருந்து எடுத்த நீளமான வெள்ளைத் துண்டு ஒன்றின் நுனியை அடுப்பில் வைத்து மறுநுனியைப் பிடித்தார். உடனே "ஆத்தாடி" என்று கையை உதறினார். பிறகு உடைந்த கோப்பையின் துண்டை அதேபோல வைத்துப் பிடித்தார். அது சுடவில்லை. "ரெண்டும் பீங்கான்தானே. ஏன் இது மட்டும் இரும்பு மாதிரி சுடுது? நீ படிச்சவதானே, பாத்துச் சொல்லு" என்றார்.

டிரான்சிஸ்டருக்கு அடியில் வெள்ளைத் தட்டு எதற்கு என்று மட்டும் தொலைபேசியில் தேடிப் பார்த்துச் சொன்னேன். இந்தக் கல்லில் சூடு உலோகத்தில் ஓடுவது போல ஓடிவிடும். மின்சாரம் மட்டும் பாயாது. டிரான்சிஸ்டர் வேலை செய்யும்போது கொதிக்கும். அந்தக் கொதிப்பை வெளியே விட வேண்டும், கரண்டை வெளியே விடக்கூடாது. அதற்காகத்தான் அடியில் இதை வைக்கிறார்கள் என்றேன்.

"அப்ப இதுவும் நம்ம கங்காணி மாதிரிதான். தொர ஏசுற ஏச்செல்லாம் அப்படியே நம்மகிட்ட வந்துரும். தொர குடுக்கிறது மட்டும் நடுவுல நின்னுரும்" என்றார். உங்களில் சுபத்திரா தேத்தண்ணியைத் துப்பிவிட்டுச் சிரித்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அந்த ஜனவரிக் குளிரில், உடையாத பெரிய தட்டுகளை அடுப்பில் சுடவைத்துத் துணியில் முடிந்து, எல்லோர் கையிலும் ஒவ்வொன்றைக் கொடுத்தவரும் அவர்தான். விறைத்த விரலால் சுத்தியலைப் பிடிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். உடையாத வரைக்கும் அந்தக் கல் யாரையும் ஒன்றும் செய்வதில்லை. அதன் தூசுதான் கொல்லும். இதை நான் அப்போதே அறிந்திருந்தேனா என்று கேட்பீர்கள். அப்போது இல்லை. ஏழெட்டு வாரம் கழித்து அறிந்தேன்.

ஒரு பெட்டியின் மூடிக்கு உட்புறம் மஞ்சள் கடுதாசி ஒன்று ஒட்டியிருந்தது. நான் அதை வாசித்தேன். "இதற்குள் பெரிலியம் ஒக்சைட் என்னும் வெள்ளைப் பீங்கான் பாகங்கள் உண்டு. உடைக்கவோ, அரைக்கவோ, சுரண்டவோ வேண்டாம். தூசைச் சுவாசிப்பது ஆபத்து." மில் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கடுதாசியை உரித்து எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன்.

அவர் வாசித்தார். "இதெல்லாம் வெளிநாட்டுக்காரன் எழுதுறது, புள்ள. அவனுங்க பென்சில் டப்பாவுலயும் இப்படித்தான் எழுதுவானுங்க. இது கோப்பை மண்ணு" என்றார். பிறகு குரலைத் தணித்து, "நீ போய் அவளுங்ககிட்ட சொன்னா நாளைக்கு ஒருத்தியும் வரமாட்டா. அப்புறம் ஒனக்கு மட்டும் இங்க என்ன வேல?" என்றார்.

கடுதாசியைக் கோப்புக்குள் வைத்தேன். என் மேசைக்குத் திரும்பினேன். நாயகி அக்கா மில்லருகே இருந்து கையை ஆட்டி, "என்னாடி, ஏச்சா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லக்கா" என்றேன். பயந்தேன் என்பது உண்மை. முதலாளி சொன்னதைக் கொஞ்சம் நம்பினேன் என்பதும் உண்மை. நம்புவது வசதியாக இருந்தது.

அவருக்கு இருமல் தொடங்கியது அதற்கு ஒரு வருடத்துக்குப் பிறகு. வறட்டு இருமல். பிறகு ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏறும்போது மூச்சு வாங்கியது. அரசாங்க ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். நுரையீரலில் நிழல் இருந்தது, சளியில் கிருமி இல்லை. தோட்டத்துப் பெண், இருமல், நிழல். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது. ஆறு மாதம் காசநோய் மாத்திரை விழுங்கினார். சிறுநீர் சிவப்பாகப் போனது, நாக்கு செத்துப்போனது, இருமல் மட்டும் அப்படியே இருந்தது. பிறகு ஆஸ்துமா என்று மருந்தை மாற்றினார்கள். அத்தனை மாதத்தில் ஒருவரும் அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்கவில்லை. அட்டையில் முகவரி இருந்தது. முகவரியில் தோட்டத்தின் பெயர் இருந்தது. கொழுந்து பறிக்கிறவர் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

லயத்தில் அவரைப் பீலிக்கு வரவிடவில்லை. எல்லோரும் தண்ணீர் பிடித்துப் போன பிறகுதான் வர வேண்டும் என்றார்கள். ஒரு நாள் வரிசையின் நடுவில் போய்க் குடத்தை வைத்தார். ஒருத்தி அதைக் காலால் தள்ளிவிட்டாள். அக்கா குடத்தை எடுத்துத் திரும்பவும் அதே இடத்தில் வைத்தார். "எனக்கு வந்திருக்கிற நோய்க்கு டொக்டருக்கே பேரு தெரியல. ஒங்களுக்கு வந்திருக்கிறதுக்கு எனக்குப் பேரு தெரியும்" என்றார். தண்ணீர் பிடித்துக்கொண்டுதான் போனார். ஆனால் அந்தக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏற அவருக்கு மூன்று இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. ஒருவரும் கை கொடுக்கவில்லை. சுகந்தி சொல்லித்தான் இது எனக்குத் தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகும் வேலைக்கு வந்தார். மில்லில் நின்றார்.

கடைசியில் கண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். சிங்களமும் ஆங்கிலமும் தெரிந்தவள் என்று என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். போனேன். இளம் பெண் டொக்டர். சிங்களவர். கற்றுக்கொண்ட தமிழில் பேசினார். படங்களை வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, "அம்மா என்ன வேலை செய்றது?" என்று கேட்டார்.

நாயகி அக்கா அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல இடுப்பில் சொருகியிருந்த கைக்குட்டையை எடுத்து அவிழ்த்தார். உள்ளே ஒரு வெள்ளைத் தட்டு. "இத அரைக்கிறேங்க" என்றார். "எனக்கு ரொம்ப நாளா இது மேலதான் சந்தேகம். இது சூடு ஓடுற கல்லு. கரண்ட் பாயாது. சாதாரண பீங்கான் இல்லைங்க."

டொக்டர் அதைத் தொடவில்லை. கணினியில் தேடினார். முகம் மாறியது. "பெட்டியில ஏதாவது எழுதி இருந்ததா?" என்று கேட்டார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். எந்தச் சந்தேகமும் இல்லாத முகம். "இவகிட்ட கேளுங்க டொக்டர். இவதான் எல்லாத்தையும் வாசிக்கிறவ" என்றார்.

இருந்தது என்றேன். என்ன எழுதியிருந்தது என்றும் சொன்னேன். ஒரு சொல்கூட எனக்கு மறந்திருக்கவில்லை.

டொக்டர் எழுந்து போய் மூத்த டொக்டரை அழைத்து வந்தார். இந்தத் தூசு எல்லோருக்கும் நோய் தராது, சிலரின் உடம்பு அதோடு சண்டை பிடித்துத் தன் நுரையீரலையே தழும்பாக்கிவிடும் என்றார்கள். இதை உறுதிப்படுத்தும் இரத்தப் பரிசோதனை தங்களிடம் இல்லை என்றார்கள். காசநோய் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். வீக்கத்தைக் குறைக்க மாத்திரை தந்தார்கள். போன நுரையீரல் திரும்ப வராது என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் இருந்தார். பஸ் கினிகத்தேனைக்கு வந்தபோது ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

"எப்ப வாசிச்ச?"

"ரெண்டு வருஷம் இருக்கும்க்கா."

விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். "அப்ப எனக்கு இருமலே வரலையே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மறுநாள் காலை ஷெட்டுக்கு வந்தார். மில்லைப் போட விடவில்லை. என்னைக் கூப்பிட்டு, "அந்தக் கடுதாசிய எடுத்துட்டு வா. தமிழ்ல வாசி. சத்தமா" என்றார். வாசித்தேன். அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் ஏழு பேரும் மறந்திருக்க மாட்டீர்கள். அவரைக் கட்டிப்பிடித்து அழுதவள் ஒருத்தி. "ஒனக்கு வந்தா எல்லாருக்கும் வரணுமா? எங்க சோத்துல ஏன் மண்ணப் போடுற?" என்று கத்தியவர்கள் எத்தனை பேர் என்று எழுதவில்லை. உங்களைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. உங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. எனக்கு இரண்டு வருடமாகத் தெரிந்திருந்தது.

முதலாளி ஆளுக்கொரு துணி மாஸ்க் கொடுத்தார். நாயகி அக்காவை வீட்டில் ஓய்வெடுக்கச் சொன்னார். என்னையும் வரவேண்டாம் என்றார். நாங்கள் இருவரும் மனு எழுதினோம். பார்க்க அதிகாரிகள் வந்தார்கள். வருவது முதல் நாளே முதலாளிக்குத் தெரிந்திருந்தது. தரை கழுவியிருந்தது, மில்லில் மிளகாய் அரைபட்டுக்கொண்டிருந்தது. ஒரு மாதத்தில் ஷெட்டை மூடிவிட்டுப் போய்விட்டார். வேலை போனதற்கு நீங்கள் அக்காவைத்தான் ஏசினீர்கள். அவர் காதுக்கும் அது வந்தது.

கடைசியாக அவரைப் பார்த்தது இறப்பதற்கு மூன்று வாரம் முன்னால். நான்கு தோடம்பழம் வாங்கிக்கொண்டு போனேன். படுக்க முடியாமல் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. ஊர்க்கதை பேசினோம். கிளம்பும் நேரத்தில் கட்டிலருகே உட்கார்ந்து, "அக்கா, என்னைய மன்னிச்சிருங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார்.

"மாட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"கோவமில்ல. கோவப்படவும் மூச்சு வேணும்ல. ஆனா மன்னிக்க மாட்டேன். மன்னிச்சேன்னா... நீ மறந்துருவ."

கொஞ்சம் பொறுத்து, "பழத்த உரிச்சுக் குடு" என்றார். உரித்துக் கொடுத்தேன். இரண்டு சுளை சாப்பிட்டார். போதும் என்று தலையை ஆட்டினார்.

அடக்கத்தன்று சுகந்தி அம்மாவின் ஞாபகமாக ஏதாவது எடுத்துக்கொள்ளச் சொன்னாள். ஒரு சால்வை இருந்தது, ஒரு கைக்கடிகாரம் இருந்தது. நான் எதையும் எடுக்கவில்லை. அந்த 'மாட்டேன்' எனக்குப் போதும். அவர் என் பெயருக்கென்று விட்டுப்போனது அது ஒன்றுதான். அதை வைத்துக்கொள்கிறேன்.

ராகலைப் பக்கம் ஒரு பழைய மரக்கறிக் கிடங்கில் அதே முதலாளியின் மில் மறுபடியும் ஓடுகிறது என்று கேள்விப்பட்டேன். போன சனிக்கிழமை போனேன். காவல்காரர் கேட்டைத் திறக்கவில்லை. ரோட்டில் காத்து நின்றேன். மாலையில் வேலை முடிந்து வந்த பெண்களை மறித்து, அந்த மஞ்சள் கடுதாசியில் இருந்ததைத் தமிழில் எழுதி வைத்திருந்தேன், அதை வாசித்தேன். பலர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள். ஒருத்தி மட்டும் நின்றாள். முழுவதையும் கேட்டாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, "நீங்க யாரு? ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

"இத வாசிச்சிட்டு, ஒருத்தங்ககிட்ட சொல்லாம இருந்தவ" என்றேன்.